ரம்பம் தின்ற இடம்: முங்க்கின் மரச்செதுக்கு முறையைக் கையால் செய்து பார்த்தபோது

நார்வே ஓவியர் எட்வர்ட் முங்க் என்றதும் எல்லோருக்கும் ‘அலறல்’தான் நினைவுக்கு வரும். கன்னங்களில் கைவைத்து வாய்திறந்து நிற்கும் அந்த உருவத்தில் உணர்ச்சி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை, முகத்திலேயே இருக்கிறது. என்னை நெடுங்காலமாகப் பிடித்து வைத்திருப்பது வேறொரு படம். 1899-ல் அவர் செய்த ‘இரு மனிதர்கள்: தனித்தவர்கள்’ என்ற மரச்செதுக்கு, அதாவது பலகையில் செதுக்கி மை பூசித் தாளில் அச்சிட்ட படம். கடற்கரையில் ஒரு பெண்ணும் அவளுக்குச் சற்றுப் பின்னால் ஓர் ஆணும் நமக்கு முதுகு காட்டி நிற்கிறார்கள். முகம் தெரியவில்லை. கையசைவுகூட இல்லை. ஆனாலும் பார்த்த மாத்திரத்தில், அவர்களுக்கு இடையே பேச்சு நின்று வெகுநேரம் ஆகிவிட்டது என்று புரிந்துவிடுகிறது.

முகமே இல்லாத படத்துக்குள் இது எப்படி வந்தது? முங்க்கின் தாய் 1868-லும் அக்காள் சோஃபி 1877-லும் காசநோயில் இறந்ததைச் சொல்லி, அவருடைய படங்களின் துயரத்தை அங்கிருந்தே விளக்கிவிடுவார்கள். துயரம் பலருக்கும் இருந்தது. அது மரப்பலகையில் ஏறியது எப்படி என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதனால் பலகை வாங்கிச் செதுக்கி, அறுத்து, மை பூசி அச்சிட்டுப் பார்த்தேன்.

முங்க் அச்சுக்கலைக்கு வந்தது 1894-ல், பெர்லினில். 1892 நவம்பரில் அந்த ஊர் ஓவியர் சங்கம் அழைத்து நடத்திய அவருடைய கண்காட்சி ஒரே வாரத்தில் இழுத்து மூடப்பட்டது. அந்த ரகளையே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. அவர் அங்கேயே தங்கிவிட்டார். முதலில் செப்புத் தகட்டில் ஊசியால் கீறினார். பிறகு கல்லச்சு, அதாவது கல்லில் வரைந்து அச்சிடும் முறை. 1896-ல் பாரிஸுக்குப் போன பிறகுதான் மரத்தைத் தொட்டார். ‘தனித்தவர்கள்’ காட்சியையே 1892-ல் எண்ணெய் வண்ணத்தில் வரைந்திருந்தார். 1894-ல் செப்பிலும் கீறியிருந்தார். எண்ணெய் ஓவியம் 1901-ல் ஒரு கப்பல் விபத்தில் அழிந்துபோனது. செப்புப் பதிப்பு அழகானதுதான்; ஊசி கிளப்பிய செப்புப் பிசிறுகள் மையைப் பிடித்துக்கொண்டு கோடுகளுக்கு ஒரு மென்மையைத் தருகின்றன. ஆனால் மரத்துக்கு வந்தபோதுதான் இந்தக் காட்சி தனக்கு உரிய கருவியைக் கண்டுபிடித்தது என்பது என் எண்ணம். அந்தக் கருவி உளி அல்ல, ரம்பம்.

அதற்குக் காரணம் வண்ணம். மரச்செதுக்கில் பல வண்ணம் வேண்டுமானால், ஜப்பானியர் செய்ததுபோல வண்ணத்துக்கு ஒரு கட்டை செதுக்கி, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட வேண்டும். ஒவ்வொரு முறையும் தாள் மயிரிழை பிசகாமல் அதே இடத்தில் உட்கார வேண்டும். முங்க் இதற்குச் சுருக்கு வழி ஒன்றைக் கையாண்டார். ஒரே பலகையில் படத்தைச் செதுக்கினார். பிறகு பலகையையே உருவங்களின் விளிம்பை ஒட்டி அறுத்துத் துண்டாக்கினார். துண்டுகளுக்குத் தனித்தனியே மை பூசி, மறுபடி பொருத்தி, ஒரே அழுத்தில் அச்சிட்டார். ‘தனித்தவர்கள்’ பலகை மூன்று துண்டு: கடல் ஒன்று, கரையும் ஆணும் சேர்ந்து ஒன்று, பெண் ஒன்று. இந்தப் பங்கீட்டைப் படித்தபோது எனக்கு அது தொழில்நுட்பச் செய்தியாகவே பட்டது. அறுத்த பிறகுதான் அதன் கனம் தெரிந்தது.

பலகை தேர்ந்தெடுப்பதில்தான் நிறைய நேரம் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பத்திரிகைப் படங்களைச் செதுக்கிய தொழில்முறைக் கைவினைஞர்கள் ‘பாக்ஸ்’ என்ற கடின மரத்தைக் குறுக்கே வெட்டி, அதன் வெட்டுமுகத்தில் செதுக்கினார்கள். அந்த முகத்தில் ரேகை, அதாவது மரத்தின் நார் ஓடும் கோடு, தடுக்காது. எந்தத் திசையிலும் தலைமுடி போன்ற கோடு இழுக்கலாம். 1890-களில் புகைப்பட வழி அச்சு அவர்கள் வேலையைப் பறித்துக்கொண்டிருந்தது. செய்தி சொல்லும் கடமையிலிருந்து விடுபட்ட மரம் ஓவியர்கள் கைக்கு வந்தது. முங்க் எடுத்துக்கொண்டது மரத்தின் நீளவாட்டில் அறுத்த சாதாரணப் பலகையை. அதில் ரேகை உண்டு. ரேகைக்குத் தனக்கென்று ஒரு பிடிவாதமும் உண்டு.

மூலப் படம் ஏறத்தாழ 40 செ.மீ. உயரமும் 55 செ.மீ. அகலமும் உள்ளது. நான் அதில் பாதி அளவு எடுத்துக்கொண்டேன். தேக்கு எனக்கு ஒத்துவரவில்லை. ரேகை நெருக்கமாக ஓடி அச்சில் மங்கிவிடுகிறது. பிளைவுட்டின் மேல்தோல் உளிபட்டதும் பெயர்கிறது. இறக்குமதி எந்திரங்கள் வரும் பார்சல் பெட்டிகளின் பைன் பலகைதான் சரியாக வந்தது. அரை அங்குலக் கனம், முடிச்சு இல்லாத பகுதியாகப் பார்த்து வாங்கினேன். பைன் மரத்தில் வேனில் தொடக்கத்தில் வளரும் பகுதி வெளிறி மென்மையாகவும், பிற்பகுதியில் வளர்வது கருத்துக் கடினமாகவும் இருக்கும். கம்பி பிரஷை ரேகையின் போக்கிலேயே அழுத்தித் தேய்த்தால் மென்பகுதி உதிர்ந்து பள்ளமாகும், கடினப் பகுதி வரப்பாக எழுந்து நிற்கும். உருளையில் மெல்லிய மையோடு போனால் வரப்பில் மட்டும் மை பிடிக்கும். செதுக்காமலே கடல் கிடைத்துவிடுகிறது: நீளநீளமாக, சில இடங்களில் நெருங்கி, சில இடங்களில் அகன்று ஓடும் கோடுகள்.

இங்கே ஓர் அளவு காக்க வேண்டும். பிரஷ் பித்தளைக் கம்பியாக இருந்தால் போதும். இரும்புக் கம்பி வரப்புகளையும் கீறிவிடும். தேய்த்தபின் நீர் தொட்ட துணியால் ஒரு முறை துடைத்து, காயவிட்டு, நைந்த உப்புத்தாளால் வரப்பின் தலையை மட்டும் தடவிவிட வேண்டும். அப்போதுதான் கோடு சுத்தமாக விழும்.

படத்தைக் கார்பன் தாள் வைத்து இடவலம் மாற்றிப் பலகையில் ஏற்றினேன். செதுக்கு வேலை அதிகமில்லை. பெண்ணின் வெள்ளை உடையில் பெரும்பகுதியை யு வடிவ உளியால் வாரி எடுத்தேன். முதுகில் விழும் கூந்தலுக்கு வி வடிவ உளி. கூந்தல் மேலிருந்து கீழே விழுகிறது, ரேகை இடமிருந்து வலம் ஓடுகிறது. குறுக்கே போகும் ஒவ்வொரு கோட்டிலும் பைன் சிராய்த்துக்கொண்டு எழும். உளியைத் தீட்டிக்கொண்டே இருந்தால் பாதி அடங்கும். மீதியை நான் அடக்கவில்லை. முங்க்கின் படங்களிலும் உளி தடுக்கிய தடங்கள் அப்படியே இருக்கின்றன. பத்திரிகைக் கட்டை செதுக்கியவர் பார்த்தால் அவற்றைச் சீர் செய்திருப்பார். அந்தத் தடங்கள் போயிருந்தால் அந்தக் கூந்தலும் உயிரற்றுப் போயிருக்கும்.

அறுப்பதற்கு முன் பலகை முழுவதற்கும் கருநீலம் பூசி ஒரு பிரதி எடுத்துவைத்தேன். இந்தச் சோதனை இல்லாவிட்டால் மற்றதற்குப் பொருள் இல்லை. பிரதி நன்றாகவே வந்தது. கடற்கரை, இரண்டு பேர், மாலை நேரம். பெண்ணின் உடை வெள்ளை என்பதால் எடுப்பாகத் தெரிந்தாள். இருவரும் ஏதோ கப்பலைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் சொல்லலாம், உலாவ வந்தவர்கள் என்றும் சொல்லலாம். என்னை ஆண்டுக்கணக்கில் பிடித்து வைத்திருந்த அந்த உணர்ச்சி அதில் இல்லை.

பிறகு ரம்பம். வளைவுகளை அறுக்கும் மெல்லிய அலகுள்ள கைரம்பத்தைத்தான் எடுத்தேன். மின் ரம்பத்தின் அலகு தடிமனாக இருக்கும், விளிம்பும் பிய்ந்துபோகும். பலகையின் ஓரத்திலிருந்து கரைக்கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் துளை போடாமலே எல்லா வெட்டையும் முடிக்கலாம். கரையோடு போய், ஆணின் உருவம் வரும் இடத்தில் அவனுடைய தோளையும் தலையையும் சுற்றி மேலேறி, மறுபக்கம் இறங்கி மீண்டும் கரையைப் பிடிக்க வேண்டும். அவன் கால்களைச் சுற்றி அறுப்பதில்லை. அவன் நிற்கும் மணலோடு ஒரே மரமாக இருந்துவிடுகிறான். பெண்ணுக்கு வரும்போது முழு விளிம்பையும் அறுக்க வேண்டியிருக்கிறது: மேற்பாதியில் அவளைக் கடலிலிருந்தும், கீழ்ப்பாதியில் கரையிலிருந்தும் பிரிக்கிறோம். கடைசி வெட்டு முடிந்ததும் அவள் கையோடு வந்துவிட்டாள். ஆணை அப்படி எடுக்க முடியாது. இழுத்தால் கரை முழுவதும் சேர்ந்து வரும்.

இதை எழுதும்போது கொஞ்சம் மிகையாகத் தோன்றலாம், ஆனால் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் வேலையைத் தொடரவில்லை. அவன் ஓர் அடி எடுத்து வைத்தவன்போல் நிற்கிறான், ஆனால் மரத்தின் அளவில் அவனால் நகர முடியாது. அவளோ எதனோடும் ஒட்டவில்லை. அந்த உறவு முழுவதையும் முங்க் ரம்பம் போகும் வழியிலேயே முடிவு செய்துவிட்டிருக்கிறார்.

துண்டுகளை மறுபடி பொருத்தினால் அவற்றுக்கு நடுவில் ரம்பம் தின்ற இடம் இருக்கும். என் பலகையில் அது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பலகையை அறுக்கும் இடத்தில் உதவிய தச்சர் அதைப் பார்த்துவிட்டு, “தம்பி, மக்கு வைத்து அடைத்துத் தேய்த்துவிடலாமே, சந்து தெரியாது” என்றார். நல்ல தச்சர் அப்படித்தான் சொல்வார். அவர் சொன்னதில் ஒரு சோதனைக்கான வழியும் இருந்தது. அதே பெட்டியிலிருந்து இன்னொரு சிறிய பலகையில் இதே காட்சியைச் சுருக்கமாகச் செதுக்கி, அறுத்து, வண்ணம் பூசி, சந்தை மக்கு வைத்து அடைத்தும் அச்சிட்டுப் பார்த்தேன். நீலக் கடல், பழுப்புக் கரை, வெளிறிய உடை எல்லாம் இருந்தன. ஆனால் உருவங்கள் நிலத்தில் இயல்பாக நின்றன. யாரும் தனித்தவராகத் தெரியவில்லை. சந்தைத் திறந்துவிட்டு அச்சிட்டபோது, பெண்ணைச் சுற்றி மை படாத ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. ஓவியர் வரைந்த கோடு அல்ல அது. அந்த இடத்தில் மரமே இல்லை என்பதால் விழுந்த கோடு. அதுதான் அவளைக் கடலிடமிருந்தும் அவனிடமிருந்தும் பிரித்து நிறுத்துகிறது.

இன்னொன்றை மிக அருகில் வைத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன். மூன்று துண்டும் ஒரே பலகை என்பதால், கடலில் ஓடிவரும் ஒரு ரேகை வெள்ளைக் கோட்டில் நின்று, ஒரு மில்லிமீட்டர் தள்ளி, அவள் தோளருகே விட்ட இடத்திலேயே தொடங்கி, மறுபக்கம் மீண்டும் கடலுக்குள் போகிறது. அறுபட்ட பிறகும் ரேகை அவர்கள் ஒன்றாக வளர்ந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஒரே குடும்பத்தில் பாகம் பிரித்த பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் எழுந்த சுவரின் இருபுறமும் பழைய தளக்கல்லின் கோலம் தொடர்வதைப்போல.

மை விஷயத்தில் சில குறிப்புகள். எண்ணெய் மைதான் பயன்படுத்தினேன். கடலுக்குப் பிரஷ்ய நீலத்தில் துளி கருப்பு. கரைக்குப் பழுப்பும் பச்சையும். உடையில் மிஞ்சிய வரப்புகளுக்கு மஞ்சள் கலந்த வெளிர்சாம்பல். கூந்தலுக்குச் செம்பழுப்பை விரலில் சுற்றிய துணியால் ஒற்றினேன். ஒவ்வொரு துண்டுக்கும் உருளை தனி. மை பூசியதும் துண்டின் பக்கவாட்டை மறக்காமல் துடைக்க வேண்டும். அங்கே வழிந்த மை பொருத்தும்போது மேலே பிதுங்கிச் சந்தை அடைத்துவிடும், கோடு அழுக்காகும். இழுபடும் பதத்தில், மெல்லிய படலமாகப் பூசினால்தான் ரேகை நிற்கும். மை கூடினால் பள்ளங்கள் நிரம்பிக் கடல் ஒரே நீலத் தகடாகிவிடும்.

பொருத்துவதற்கு ஒரு தட்டையான பலகையில் இரண்டு சட்டங்களை மூலைமட்டத்தில் அடித்துக்கொண்டேன். துண்டுகளை அந்த மூலைக்குத் தள்ளி வைத்தால் நகராது. மழைக்காலத்தில் பைன் ரேகைக்குக் குறுக்குவாட்டில் ஊதுகிறது. பெண்ணின் துண்டு உள்ளே இறங்க மறுத்தது. அதற்காக விளிம்பை இழைக்காமல் இரண்டு நாள் விளக்கின் அருகில் வைத்து வாட்டினேன், தானாக இறங்கியது. துண்டுகளின் உயரம் ஒன்றுக்கொன்று மாறினால் அடியில் செய்தித்தாள் துண்டு வைத்துச் சமன் செய்யலாம்.

என்னிடம் அச்சு எந்திரம் இல்லை. மெல்லிய நேபாளக் கைத்தாளை மேலே விரித்து, மர ஆப்பையின் முதுகால் தேய்த்தேன். இதில் எந்திரத்துக்கு இல்லாத வசதி ஒன்று உண்டு: அழுத்தத்தை இடத்துக்கு இடம் மாற்றலாம். கடலில் அழுத்தியும், பெண்ணின் மேல் இலேசாகவும் தேய்த்தால் அவள் கரைந்துகொண்டிருப்பதுபோல் வருகிறாள். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்த்து, போதாத இடத்தில் மறுபடி தேய்க்கலாம்.

முங்க் ஒரே பலகையை ஆண்டுக்கணக்கில் வெவ்வேறு வண்ணங்களில் அச்சிட்டார். பிற்காலப் பிரதிகள் சிலவற்றில் நிலவையும் நீரில் விழும் அதன் நெடிய தூணையும் சேர்த்திருக்கிறார். ஒரே பலகை, ஆனால் மனநிலை மாறுகிறது. இதையும் செய்து பார்க்க வேண்டும் என்று, மூன்று துண்டுக்கும் கருப்பு மட்டும் பூசி அச்சிட்டேன். வெள்ளைக் கோடு முன்னெப்போதையும்விடக் கூர்மையாக எழுந்தது. ஆனால் படம் இழவு வீட்டுப் படமாகிவிட்டது. தனிமைக்குக் கொஞ்சம் வெளிச்சம் வேண்டியிருக்கிறது; இன்னும் முடிந்துவிடவில்லை என்ற சந்தேகம் வேண்டியிருக்கிறது. கடலை இளம்பச்சைக்கு மாற்றியபோது அந்தச் சந்தேகம் திரும்பி வந்தது.

கருப்பைக் கருப்பாகவே வைத்து வேலை வாங்கியவர் ஃபெலிக்ஸ் வாலோத்தோன். லோசானில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த அவர் 1897, 1898 ஆண்டுகளில் செய்த ‘அந்தரங்கங்கள்’ வரிசையில் பத்து மரச்செதுக்குகள். அதில் ‘பணம்’ என்ற படத்தில் பாதிக்கு மேல் வெறும் கருப்பு. சன்னலோரம் நிற்கும் வெள்ளுடைப் பெண்ணிடம் பேசும் ஆண் அந்தக் கருப்பிலிருந்து எங்கே தொடங்குகிறான் என்று சொல்ல முடியாது. அவர் கோட்டையே எடுத்துவிட்டு அச்சத்தை உண்டாக்குகிறார். முங்க் வெள்ளைக் கோட்டை விட்டுவைத்து ஏக்கத்தை உண்டாக்குகிறார். முப்பது பிரதிகள் அச்சிட்ட பிறகு வாலோத்தோனின் பலகைகள் அழிக்கப்பட்டன. முங்க்கின் பலகைகள் பல, அவர் 1940-ல் ஓஸ்லோ நகருக்கு எழுதிவைத்த சொத்தோடு சேர்ந்து அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இந்த விஷயத்தில் மனம் முங்க் பக்கமே சாய்கிறது.

முகத்தையும் கையையும் முழுதாக நம்பியவர் ஜெர்மன் ஓவியர் கெத்தே கோல்விட்ஸ். நெசவாளர்களைப் பற்றிய ஹாப்ட்மானின் நாடகத்தை 1893-ல் பெர்லினில் பார்த்துவிட்டு அவர் தொடங்கிய ‘நெசவாளர் கிளர்ச்சி’ ஆறு படங்களாக 1897-ல் முடிந்தது: மூன்று கல்லச்சு, உலோகத் தகட்டிலிருந்து எடுத்த மூன்று தகட்டச்சு. முதல் படமான ‘வறுமை’யில், நோயுற்ற குழந்தையின் படுக்கையருகே தாய் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். 1898-ல் அந்த வரிசைக்குத் தங்கப் பதக்கம் தர நடுவர்கள் பரிந்துரைத்தபோது ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் மறுத்துவிட்டார். அந்தக் கைகள் அவ்வளவு நேராகப் பேசின. பசியைச் சொல்ல அந்த வழிதான் சரி. பக்கத்தில் நிற்பவரை நெருங்க முடியாத நிலையைச் சொல்ல ரம்பம் சரியாக இருந்தது.

அடுத்த பலகை தயாராகிக்கொண்டிருக்கிறது. முங்க் 1897-லிருந்து 1902 வரை திரும்பத் திரும்பச் செய்த ‘முத்தம்’ படத்துக்கானது. அதிலும் ரம்பம் உண்டு, ஆனால் அது இருவரையும் சேர்த்து வெளிவிளிம்பை மட்டும் சுற்றுகிறது. இரண்டு உடல்களுக்கும் ஒரே துண்டு, முகங்கள்கூட ஒன்றாகிவிட்டன. பின்னணிக்கு, உருவம் எதுவும் செதுக்காத இன்னொரு பலகையின் ரேகை மட்டும் மேலிருந்து கீழாக அச்சாகிறது. அது அவர்கள் உடல்களின் ஊடாகவும் ஓடுகிறது. அதற்காக ரேகை அகலமாக விழுந்த பைன் பலகை ஒன்றைத் தேடி எடுத்து, பித்தளைப் பிரஷால் பாதிவரை தேய்த்து வைத்திருக்கிறேன். இந்த முறை இரண்டு பலகை, இரண்டு அழுத்து. தாளை ஒரே இடத்தில் உட்காரவைக்கும் வேலையிலிருந்து தப்ப முடியாது. அதற்குச் சட்டத்தின் மேல்விளிம்பில் இரண்டு குத்தூசிகளை நட்டு, தாளில் அதே இடத்தில் துளையிட்டுப் பார்க்கப் போகிறேன்.